உள்ளங்கையில் தங்கும் எண்ணெய்

என் அக்காவின் கணவர் சிங்கப்பூரில் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றும் வேலையில் இருந்தார். அறுபதுகளில் கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஆள் கப்பலேறாத வீடே கிடையாது. ஆனால் போனவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ நின்றவர்கள். விமானத்தின் இறக்கைக்கு அடியில் நிற்கிறவர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குத்தான் ஓர் ஆள் இருந்தார். அவரை நான் மச்சான் என்பேன். அக்காவை எங்கள் வழக்கப்படி ராத்தா. ராத்தாவைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தோம். அந்த வீட்டில் அவளோடு கண் மங்கிப்போன மாமியாரும், மச்சானின் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்கு மீசை அப்போதுதான் ஒழுங்காக வளர ஆரம்பித்திருந்தது. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சுற்று வட்டாரத்து ஊர்களில் விற்றுவருவார்.

மச்சான் வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. பெண் கொடுத்த வீட்டுக்கு வந்தால் பிரியாணியைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை சொல்ல மாட்டார் என்று உம்மாவுக்கு வருத்தம். ஆனால் எண்ணெய்ப் பேச்சை எடுத்துவிட்டால் போதும், நிறுத்த முடியாது. ஒருமுறை லீவில் வந்தபோது வாப்பா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"பிளேனுக்கு என்ன மாப்ள, பெட்ரோலா ஊத்துறீங்க?"

"ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடையாது மாமா. நம்ம வீட்டுல எரியுதே, அந்தக் கிருஷ்ணாயில்தான்."

மண்ணெண்ணெயை எங்கள் பக்கம் கிருஷ்ணாயில் என்றுதான் சொல்வோம். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மருமகன் முதல்முறையாகக் கேலி பேசுகிறார் என்று உம்மாவுக்குச் சந்தோஷம். அவர் கேலி பேசவில்லை. மனுஷருக்குக் கேலி பேசத் தெரியாது.

கதவுக்குப் பின்னால் நின்று நானும் ராத்தாவும் கேட்டோம். ஜெட் எண்ணெயும் வீட்டு எண்ணெயும் ஒரு குடும்பம்தான், ஆனால் ஒன்றுபோல வளர்த்த பிள்ளைகள் இல்லை என்றார் மச்சான். விமானம் மேலே போகப் போகக் குளிர் கூடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி நம் வீட்டு எண்ணெய் அந்தக் குளிரில் திரண்டு குழாயை அடைத்துவிடும். ஜெட்டுக்குப் போவது அங்கேயும் உறையாத எண்ணெய். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்து, துளி கலங்கல் தெரிந்தாலும் ஊற்ற மாட்டார்கள். நம் கடைக்காரர் தகரத்தில் முகந்து ஊற்றும்போது பாதி தண்ணீர், பாதி தூசி. விளக்கு அதைப் பொறுத்துக்கொண்டு படபடவென்று எரியும். விமானம் பொறுக்காது.

வரி விஷயத்துக்கு வந்ததும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் துறைமுகத்தில் கயிறு வியாபாரம் செய்தவர், வரி என்றால் காது நீளும். ஏழை வீட்டு விளக்கு என்பதால் கிருஷ்ணாயிலுக்கு வரியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் லாரிக்காரன் திருட்டுத்தனமாக அதை வாங்கி டேங்கில் கலக்கிறான், பிடிபட்டால் கேஸ் என்றார் மச்சான். விமான எண்ணெய்க் கதை வேறு. உள்ளூரில் பறக்கிற விமானத்துக்கு ஊற்றினால் வரி உண்டு. அதே குழாயிலிருந்து கடல் தாண்டிப் போகிற விமானத்துக்கு ஊற்றினால் கிடையாது.

"ஒரே எண்ணெய்தானே மாப்ள?"

"எண்ணெய் ஒண்ணுதான் மாமா. எங்க போவுதுங்கறத வச்சித்தான் வரி."

கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தா, அவருக்குக் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னாள்: "உங்க மச்சானும் கடல் தாண்டிப் போறவருதானே. அதான் பொண்டாட்டிக்குன்னு ஒரு வரியும் கட்டாம இருக்காரு."

வாப்பா குனிந்துகொண்டார். மச்சானுக்குக் காது சிவந்துவிட்டது. அன்று சாயங்காலமே அவர் ராத்தாவைச் சினிமாவுக்கு அழைத்துப்போனார். அந்த வாய்க்காகத்தான் நான் அவளை இன்றைக்கும் தேடுகிறேன்.

அந்த லீவில்தான் உள்ளங்கை வித்தையையும் காட்டினார். தெருமுனையில் கார் வைத்திருந்தவரிடம் ஒரு சின்னப் புட்டியில் பெட்ரோல் வாங்கிவந்தார். ராத்தாவின் ஒரு கையில் கிருஷ்ணாயில் ஒரு துளி, இன்னொரு கையில் பெட்ரோல் ஒரு துளி. பெட்ரோல் சில்லென்று இழுத்துக்கொண்டு பறந்துவிட்டது. கை காய்ந்துபோனது. கிருஷ்ணாயில் அப்படியே நின்றது. தேய்த்தால் வழவழத்தது. சோப்புப் போட்டாலும் சோற்றில் மணக்கும். "நிக்கிறது சாது. பறக்குறதுதான் பொல்லாதது" என்றார். கிருஷ்ணாயில் கிண்ணத்தில் நெருப்புக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் குச்சிதான் அணையும், திரி இருந்தால்தான் பற்றும். பெட்ரோல் அப்படியில்லை. அதன் ஆவி அறை முழுக்க நடமாடும், நெருப்பு அதைத் தேடிப் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சப் பெட்ரோலை வீட்டில் வைக்கவே கூடாது, சட்டப்படியும் தப்பு என்று அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட ஜாக்கிரதைக்காரர்.

திரும்பிப் போனவர், ஊருக்கு வந்த ஒருவர் மூலம் ராத்தாவுக்குப் பித்தளை ஸ்டவ் ஒன்று அனுப்பினார். பம்ப் அடித்தால் நீலமாகச் சீறும். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்தா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் பார்ப்பாள்.

மச்சானின் தம்பிக்கோ அண்ணன் சொன்ன எண்ணெய்க் கதைதான் பெருமை. துணி விற்கப் போகிற ஊரிலெல்லாம் அதைச் சொல்லுவார். "எங்க அண்ணன் பிளேனுக்கு என்னா ஊத்துறாரு தெரியுமா? நீங்க வெளக்குக்கு ஊத்துறீங்களே, அதே கிருஷ்ணாயிலு." கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். மச்சான் ஜெட் விமானம் என்று சொன்னதில் ஜெட் போய்விட்டது, விமானம் மட்டும் நின்றது. யாருக்கு அது தெரியும்? எங்களில் விமானத்தைக் கிட்டே நின்று பார்த்தவர் யார்?

பார்க்கும் காலமும் வந்தது. அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் நெல்லில் பூச்சி ஜாஸ்தி என்று விமானத்திலிருந்து மருந்து அடித்தார்கள். கீரப்பாளையம் பக்கத்து வயல்களுக்கு மேலே சின்ன விமானம் ஒன்று பனைமரத்தை உரசுகிற மாதிரி தாழ்வாக வந்து புகை மாதிரி மருந்தைத் தூவிவிட்டுத் திரும்பும். மாடுகள் கட்டறுத்துக்கொண்டு ஓடின. சிதம்பரத்திலிருந்து சைக்கிள் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூக்கில் விசிறி சுழலுகிற விமானம் அது. அது இறங்கி ஏற ஒரு பொட்டலைச் சமன்படுத்தி, ஓரத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள்.

அதே வருஷம் கிருஷ்ணாயிலுக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கார்டுக்கு ஊற்றுகிற நாளில் கடை வாசலில் தகரங்கள் விடிவதற்கு முன்பே வரிசையில் உட்கார்ந்திருக்கும். ராத்தா வீட்டில் ஸ்டவ் சும்மா கிடந்தது. விறகடுப்பில் ஊதி ஊதி அவளுக்கு இருமல். அந்த நேரத்தில்தான் மச்சான் கப்பலேறிவிட்டார் என்று சேதி வந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலில் வருவார். நீண்ட காலம் கழித்து வருகிற புருஷன். அவர் வாங்கி அனுப்பிய ஸ்டவ்வில் அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

அண்ணியைத் தம்பி மைனி என்பார். அந்த மைனிமேல் உயிரையே வைத்திருந்தார். தாய்க்குக் கண் மங்கிய பிறகு அவருக்குச் சோறு போட்டவள் அவள்தான். அவர் கீரப்பாளையம் போனபோது பீப்பாய்க் காவல்காரனுக்கு ஒரு லுங்கியைக் கொடுத்து ஒரு தகரம் எண்ணெய் வாங்கிவந்துவிட்டார். திருட்டு எண்ணெய் என்று தெரியும். வேறொன்றும் தெரியாது.

எண்ணெய் சிவப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் கிருஷ்ணாயிலில் வெள்ளை உண்டு, சிவப்பு உண்டு. சிவப்பு மட்டம், புகையும், விலை குறைவு. சிவப்பு எண்ணெய் பார்த்திராத வீடே இல்லை. விமானப் பெட்ரோலை வேறெதுவோ என்று நினைத்து ஆள் ஏமாறக் கூடாது என்று யாரோ போட்ட சாயம் அது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எச்சரிக்கைக்குப் போட்ட நிறம் எங்களுக்குப் பழகின நிறமாகிவிட்டது. வாடை மட்டும் தூக்கலாக இருந்ததாம். "பிளேன் எண்ணெயாச்சே, சுத்தமா வடிகட்டுனது, அதான் வாடை அப்புடி இருக்குது மைனி" என்று தம்பி விளக்கம் சொல்லியிருக்கிறார். ராத்தாவும் தலையாட்டியிருக்கிறாள். புருஷன் சொன்னதுதானே. வாடை மாமியாருக்கு ஆகவில்லை என்று தகரத்தைக் கொல்லையில் கிணற்றோரம் வைத்துவிட்டு, ஸ்டவ்வுக்கு வேண்டியதை மட்டும் ஒரு சொம்பில் எடுத்துப்போனாள்.

மச்சான் வருவதற்கு முன்னால் ஸ்டவ்வை ஒருதரம் எரித்துப் பார்த்துவிடலாம் என்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள்.

அவளைக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாழையிலையில் படுக்கவைத்திருந்தார்கள். முகத்தில் ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. முகத்தை மட்டும் பார்த்தால் காய்ச்சலுக்குப் படுத்திருக்கிற மாதிரி இருந்தாள். நான் விசிறிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்து தெளிவாகச் சொன்னாள்:

"குச்சியத்தான்டி கிழிச்சேன். ஸ்டவ்வுகிட்ட கொண்டுபோவவே இல்ல. காத்து பத்திக்கிச்சு."

வலியில் பிதற்றுகிறாள் என்று உம்மா அழுதாள். காற்று எங்கேயாவது பற்றுமா? "அவர் வந்துட்டாரா? வந்தா இந்தக் கோலத்துல காட்டாதீங்க" என்றாள் பிறகு. அவள் கேட்டபடியே ஆயிற்று. மச்சான் கடலில் இருந்தார், தந்தி கொடுக்கக்கூட முகவரி இல்லை. அவளைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து, மண் காய்வதற்குள் அவர் வந்து இறங்கினார்.

ரயிலடிக்கு வாப்பாதான் போனார். மச்சான் கையில் பெட்டியோடு சிரித்துக்கொண்டே இறங்கினாராம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததைப் பற்றி வாப்பா அதற்கு மேல் ஒருநாளும் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்தவர் அழவில்லை. கரிந்த அடுப்படி வாசலில் நின்றார். பித்தளை ஸ்டவ் வயிறு கிழிந்து மூலையில் கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் காட்டினார்கள். வெளிநாட்டு ஸ்டவ், நம் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமில்லாதது, காற்று அதிகமாக அடித்திருப்பாள், வெடித்துவிட்டது. அல்லாஹ் நாடினான் என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் நாடினானோ இல்லையோ, அவளுக்குப் பம்ப் அடிக்கத் தெரியும்.

மச்சான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "கடைசியா ஏதாச்சும் சொன்னாளாம்மா?" என்று கேட்டார்.

காற்று பற்றிக்கொண்டது என்று சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. "எண்ணெய் என்னா நெறம்?" என்றார்.

"செவப்பு. கொல்லையில மிச்சம் இருக்குது."

அவர் கொல்லைக்குப் போனார். நான் பின்கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். தகரத்தின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுக் கையை விரித்தபடியே நின்றார். நிற்கிறதா பறக்கிறதா என்று பார்க்கிறார். அந்த வித்தை எனக்கும் தெரியும். அவர் கையைத் தேய்த்துப் பார்த்தார். வெறுங்கை.

தகரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லையின் கடைசிக்குப் போய் மணலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார். கொட்டிய இடம் காயும்வரை வெயிலில் அங்கேயே நின்றார். வேலியோரம் பீடி பற்றவைக்க வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அண்ணன் மைனியை நினைத்து நிற்கிறார் என்று உள்ளே தம்பி விம்மிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் எதையும் மறைக்கவில்லை, அப்படியே நின்றேன்.

"அவன் கொண்டாந்ததா?"

"ஆமா. மருந்து அடிக்கிற பிளேனுக்குள்ளது. பிளேன் எண்ணெய்னா கிருஷ்ணாயில்தான்னு..."

"நான் சொன்னது." கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "விசிறி பிளேனுக்குப் பெட்ரோல். ஜெட்டுக்குத்தான் கிருஷ்ணாயில். எங்க எடத்துல ரெண்டும் வரும். எந்த பிளேன்னு கேக்காம நாங்க மூடியவே தொறக்க மாட்டோம். அத நான் இங்க சொல்லல. ஒண்ணு இருக்குதுன்னு சொன்னேன், இன்னொண்ணு இருக்குதுன்னு சொல்லல."

"மச்சான், நீங்க என்னா செய்வீங்க..."

"அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவன் இருக்க மாட்டான். உன் ராத்தாவும் இதத்தான் சொல்லுவா."

அது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் போலீஸ்காரர் வந்தார். பெண் எரிந்து செத்த கேஸ், புருஷனிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். எண்ணெய் எங்கே வாங்கியது என்று கேட்டார். தம்பி அண்ணனைப் பார்த்தார். திருட்டு எண்ணெய் வாங்கியதற்குத் தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம்தான் அவருக்கு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மச்சான் சொன்னார்:

"கார்டுக்கு வாங்குன கிருஷ்ணாயில்தான் சார். அது தன்னால பத்தாது. ஸ்டவ்வு கோளாறு. நான் வாங்கி அனுப்புனது. பாத்து வாங்கியிருக்கணும்."

போலீஸ்காரர் கிழிந்த ஸ்டவ்வைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் அதுவே போதுமாக இருந்தது. எண்ணெயில் தப்பென்றால் வீட்டில் பெட்ரோல் வைத்த குற்றம், திருட்டுச் சாமான் வாங்கிய குற்றம், ஒரு சாவு. ஸ்டவ்வில் தப்பென்றால் யாருக்கும் குற்றமில்லை.

மச்சான் மறுபடி கப்பலேறினார். வேறு வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, அதே இறக்கைக்கு அடியில்தான் நின்றார். வேறு கல்யாணத்துக்கு உம்மாவே சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. தம்பி சிதம்பரத்தில் கடை போட்டார், கல்யாணம் செய்தார். முதல் பெண் குழந்தைக்கு ராத்தாவின் பெயரை வைத்தார். அந்தப் பெயரை அவர் வாயால் கூப்பிடக் கேட்கும்போது எனக்கு ஒரு நிமிஷம் இதம், அடுத்த நிமிஷம் எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. காலம் போகப் போகத் தம்பியின் துக்கம் அண்ணன் பக்கம் திரும்பியது. அழுது தீர்க்க முடியாதவர்களுக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண வீடு, இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதுகிற வீடு, எங்கே ராத்தாவின் பேச்சு வந்தாலும், "அண்ணன் அந்த மட்ட ஸ்டவ்வ வாங்கி அனுப்பாம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். மச்சான் லீவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் சொல்லியிருக்கிறார். மச்சான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமாப்பா" என்பார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து அவரைப் பார்ப்பேன். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். நாக்கு நுனிவரை வந்ததை எத்தனையோ முறை சோற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறேன்.

இப்போது தம்பியும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு முன்னாலேயே மச்சான் மௌத்தானார்; அப்போது நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் போனேன். ராத்தாவுக்குப் பக்கத்தில் இடம் இல்லை, தள்ளித்தான் வைத்தார்கள். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு தம்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே ராத்தாவின் பெயர் கொண்ட பெண் கேஸ் அடுப்பில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் தங்கமான மனுஷன்" என்றார். "ஆனா என்னால மன்னிக்க முடியல. கடைசிவரைக்கும் முடியல. மைனி ஒரு தேத்தண்ணி போட ஆசப்பட்டாங்க, அவ்வளவுதான். நான் எங்கெங்கயோ அலைஞ்சு எண்ணெய் கொண்டாந்து குடுத்தேன். எல்லாத்தையும் அந்த ஸ்டவ்வு கெடுத்துடுச்சு. நீங்களே சொல்லுங்க, ஸ்டவ்வுதானே?"

அந்த வீட்டில் இனி என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து இரண்டு பேர் கையிலும் கொடுத்தாள்.

"ஆமா" என்றேன். "ஸ்டவ்வுதான்."